வெயிலில் வைத்துப் பார்த்த டி.வி.

எங்கள் வீட்டு டி.வி. ஒருநாள் அணைந்தது அணைந்ததுதான். அப்பாவுக்கு இதில் துளியும் வருத்தமில்லை. வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்ததே என்று உள்ளூரக் குஷி. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் அவர் நிறம் பார்ப்பவர். சாயம் ஏறி வரும் நூல் அவர் தலையசைத்தால்தான் தறிக்குப் போகும். அந்தத் தலையசைப்புக்கு உலகத்தில் எல்லாமே கட்டுப்பட்டது என்று நினைப்பு. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக்கூட அப்படித்தான் பார்த்தார். அதனால்தான் நான் அப்போதும் கல்யாணமாகாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

டி.வி. உண்மையில் அம்மாவுக்கு. வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் உட்கார்ந்து அவளுக்குக் காது போய்விட்டது. ரேடியோ அவளுக்கு வெறும் மரப்பெட்டி. ஆனால் சினிமாவில் உதடு அசைவதைப் பார்த்தே வசனத்தைப் பிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை படத்தில், இரைச்சலில் எங்களுக்குக் கேட்காததை அவள்தான் சொல்வாள். யாரையும் "என்னா?" என்று கேட்காமல் அவள் உட்கார்ந்திருப்பது அந்தப் படத்தின்போது மட்டும்தான். அது போய்விடக்கூடாது என்பதே என் கவலை.

என் சேமிப்புக்குப் பழைய கறுப்பு வெள்ளை செட்டுதான் கட்டுப்படியாகும்.

"அம்மாவையும் கூட்டிக்கினு போலாம்பா" என்றேன்.

"அவளுக்குக் காதே கேக்காது, அவ வந்து என்னா பண்ணப்போறா?" என்றார் அப்பா, டி.வி.யைக் காதால் பார்த்து வாங்குவதுபோல. பணம் என்னுடையது என்பதால் என்னை மட்டும் அழைத்துப்போனார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மேற்குப் பார்த்த கடை. சாயங்காலம் டி.வி.யில் நிகழ்ச்சி ஆரம்பிக்கும் நேரம் பார்த்துப் போனோம். கடைக்குள் ஒரு செட்டில் நெல் வயல் பளிச்சென்று தெரிந்தது. அப்பா திரும்பியும் பார்க்கவில்லை.

"வெளிய எடுத்து வைப்பா. வெயில்ல பாக்கணும்."

"வெயில்ல எந்த டி.வி.யும் தெரியாதுங்க."

"ட்யூப்லைட்டுல பாத்தா மயில் கழுத்துக் கலரும் ராமர் பச்சையும் ஒண்ணாத்தான் இருக்குது. எனக்கே சொல்றியா?"

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் செட்டை வாசலுக்குத் தூக்கி வந்தார். சாய்ந்த வெயில் கண்ணாடியில் விழுந்தது. நெல் வயல் போய், அப்பாவின் மீசைதான் அதில் தெளிவாகத் தெரிந்தது.

"சாயம் போயிடுச்சி" என்று தள்ளினார். அடுத்ததற்கும் அதே தீர்ப்பு.

மூன்றாவது செட்டின் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொக்கி போட்டு மாட்டியிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. கறுப்பு வெள்ளையைக் கலர் ஆக்கும் தாளாம். வெயில் பட்டதும் மூன்றும் ஜொலித்தன. படம் ஒன்றுமே தெரியவில்லை.

"இதுதாம்மா சரக்கு. கலர் எப்படி நிக்குது பாரு!" என்று அப்பா தலையசைத்தார். ஊரே கேட்டு நடக்கும் கண் ஒரு பிளாஸ்டிக் தாளிடம் விழுந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கடைக்காரர் அதற்குள் செட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பித்தது. கதாநாயகிக்கு நீல நெற்றி, ஆரஞ்சு மூக்கு. உதடு இருக்கும் இடத்தில் ஆரஞ்சும் பச்சையும் சேரும் கோடு. அவள் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், கிட்டே நகர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னா சொல்றா?"

படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அப்பா நிறத்தின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். கொக்கியைத் தூக்கித் தாளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படம் துடைத்த மாதிரி தெளிவாக இருந்தது. கதாநாயகிக்கு உதடு திரும்பி வந்தது.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவிடம் பேச வேண்டுமானால் அவள் பார்வைக்கு நேரே நின்றாக வேண்டும். டி.வி.க்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பட்டு, சாயம், தன் அனுபவம் என்று கத்தித் தீர்த்தார். அம்மா அந்த உதடுகளை ஒரு கணம் பார்த்தாள். முழுசாகப் புரிந்திருக்கும்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது" என்றாள்.