பெரியப்பா தண்ணீர் கேட்ட மத்தியானம்

எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதை யாரும் நம்ப முடியாத ஒரு காலம் இருந்தது. மூன்று விசில் எண்ணி அம்மா அடுப்பை அணைப்பாள். மூடியைத் திறந்தால் பருப்பு கல்லாகக் கிடக்கும். இரண்டு விசில் குக்கருடையது, மூன்றாவது என் தங்கையுடையது. கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கடைசியில் நீராவி அடங்கும் சீறல் வரைக்கும் அச்சு அசலாகச் செய்வாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து.

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் கீழ் போர்ஷனில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் நாங்கள். தங்கைக்கு எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும். பால்காரர், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, மூக்கால் பேசும் டியூஷன் மிஸ், எல்லாரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா குரலில், "டேய், எங்கடா கீற?" என்பாள். நான் அலறியடித்து எழுந்து ஓடுவேன். பிறகு அவளுக்கு என்னிடம் நல்ல உதை விழும். இப்பேர்ப்பட்ட திறமைக்கு எங்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் 'வாலு'. அவள் தன் குரலில் ஏதாவது சொல்ல வந்தால், "சும்மா இரு பாப்பா, நியூஸ் ஓடுதில்ல" என்று அப்பா அடக்கிவிடுவார். நானும் அடக்குவேன். எனக்கு அடக்குவதற்கு அவளை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

பெரியப்பா தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். உயிர் போகிற நேரத்திலும் ஓரம் கட்டினாரே என்று ஊரே மெச்சியது. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு மத்தியானம் அது நடந்தது.

நான் கீழ் ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. பெரியப்பா எதையும் பேசுவதற்கு முன்னால், கியர் மாற்றுவதுபோல, அப்படித்தான் செருமுவார். அதைத் தொடர்ந்து, "இந்தாமே... ஒரு சொம்பு தண்ணி எடுத்தா."

"தோ வரேன்" என்று பெரியம்மா எழுந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகச் சமையலறைக்குப் போனது. சொம்போடு திரும்பி வரும்போது, ஹாலின் நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. நின்றாள். சொம்பிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரியப்பாவின் கட்டிலில் ஒரு காலை மடித்து, அவர் உட்காருவது மாதிரியே என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். பெரியம்மா மெல்ல உள்ளே போய்ச் சொம்பைக் கொடுத்தாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், கடகடவென்று குடித்துவிட்டு, "ம்... போய் வேலையப் பாரு" என்றாள் தங்கை, அவர் குரலில்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் புல்லரித்ததுதான் மிச்சம். பெரியம்மா கத்தவில்லை, அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, அந்த ஆறு வயதுப் பெண்ணிடம், "இன்னாங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்குப் பெரியம்மா கேட்டிலேயே நிற்பாள். வேன் வரத் தாமதமானால் என்னிடம், "போய் பாருடா, அவர பத்திரமா இட்டுகினு வா" என்பாள். அந்த 'அவர்' என் தங்கை. விஷயம் பரவி, உறவுக்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு வர ஆரம்பித்தார்கள். பெண்ணைக் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று கேட்டார்கள். பெரியப்பா லாரி ஓட்டும்போது சொல்வதை எல்லாம் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டவள் என் தங்கை. "அவசரப்படாத. சைடு பாத்து போ" என்பாள். கல்யாணத்துக்கும் அது பொருந்தியது, நிலத்துக்கும் பொருந்தியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நியூஸ் ஓடும்போது அவளை வாய் திறக்கவிடாத அப்பா, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

பள்ளிக்கும் இது எட்டியது. வகுப்பு மிஸ் எங்கள் அம்மாவை அழைத்து, "உங்க பொண்ணு சாதாரண கொழந்தை இல்லைங்க, ஆண்டு விழால மேடை ஏத்திடலாம்" என்றார். சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து குறி கேட்க வந்த ஒரு சித்தியும், "சாதாரண கொழந்த இல்லமா இது" என்றுதான் சொன்னாள். இருவருக்கும் அவள் குரல் தேவைப்பட்டது, அவளைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். "டேய் நைனா, அந்த ரப்பர இப்படிப் போடு" என்றாள். பெரியப்பா குரல். வழக்கமாக இப்படிச் செய்யும்போது கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருக்கும். அன்றைக்கு இல்லை. நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏய், உன் குரல்ல பேசுடி" என்றேன்.

செருமினாள். "இதான்டா" என்றாள்.

நான் ரப்பரை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா செங்கல்பட்டில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. தங்கைக்கு எதிரில் உட்கார்ந்து, "பசிக்குதா பாப்பா?" என்றாள். "அப்பறம் பாத்துக்கலாம்மே" என்று பதில் வந்தது. அம்மாவின் முகம் வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நேராகக் கீழே இறங்கினாள். "அக்கா, போனவரு போய்ட்டாரு. எம் பொண்ணு உயிரோட கீறா. அவள வுட்டுடுங்க."

பெரியம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "உனுக்கு இன்னாமா, சாயங்காலம் ஆனா உன் வூட்டுக்காரர் வூடு வந்து சேந்துருவாரு."

 அம்மா மாடிக்கு ஏறி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போனாள். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரியப்பா. கடற்கரையில் அவருக்கு வேலை இல்லை என்று நினைத்திருப்பாள். கூட்டத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப்போய் மணலில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். அம்மா தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் குரல்ல அம்மானு ஒருவாட்டி கூப்புடு கண்ணு."

தங்கை வாயைத் திறந்தாள். "அம்மா" என்றாள் அப்பா குரலில். அம்மா தலையை ஆட்டினாள். "அம்மா" என்றாள் மறுபடியும். அது என் குரல். நான் பேசவே இல்லை, என் தொண்டையிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. அடுத்தது அம்மாவின் குரலிலேயே வந்தது. பிறகு வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அலை திரும்பிப் போகும்போது மணலை அரித்துக்கொண்டு போகுமே, அந்தச் சத்தம் மட்டும் அவள் வாயிலிருந்து வந்தது. கடல் எங்களுக்குப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. அவள் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கே புரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள்.

திடீரென்று அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்துத் துழாவினாள். முந்தின வருஷம் எடுத்த வீடியோ ஒன்று அதில் இருந்தது. பலூனைப் பிடித்துக்கொண்டு தங்கை, "அம்மா, எனக்குத்தான் மொதல்ல" என்று குதிக்கிறாள். கீச்சென்ற சின்னக் குரல். தங்கை போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி, உதட்டை மட்டும் அசைத்தாள். பால்காரர் குரலைப் பிடிக்கும்போதும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

போனைக் கீழே வைத்தாள். "அம்மா, எனக்குத்தான் மொதல்ல."

அதே குரல். 'எனக்குத்தான்' என்ற இடத்தில் வீடியோவில் சத்தம் ஒரு கணம் அறுந்து ஒட்டும். அந்த அறுந்த இடத்தைக்கூட அவள் விடவில்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை. "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று அவளை அள்ளிக்கொண்டாள். பெரியப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேசவே இல்லை. பெரியம்மா கொஞ்ச நாள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, பிறகு நிற்பதை விட்டுவிட்டாள். தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வீடியோவில் இருந்த அந்தக் குரலேதான் வளர்ந்து அவளோடு இருக்கிறது. யாரைக் கேட்டாலும் நல்ல குரல் என்பார்கள்.

ஆனால் அன்றைக்குக் கடற்கரையில், அம்மா முகம் கழுவ எழுந்து போனபோது, தங்கை என் பக்கம் நகர்ந்து வந்தாள். காதருகில் கேட்டாள்: "கரெக்டா வந்துச்சாண்ணா?"

"சூப்பர்டி. அப்படியே உன்ன மாதிரியே கீது" என்றேன்.

அந்தக் கேள்வி பெரியப்பா குரலில் வரவில்லை. அம்மாவுடையதிலோ என்னுடையதிலோ வரவில்லை. வீடியோவில் இருந்த பாப்பாவின் குரலும் அது இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, பயந்து, யாரைப் போலவும் இல்லாமல் இருந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது அதைத் தேடித்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பதில் சொன்ன கையோடு நான் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்து ஓடிவிட்டேன்.