எண்ணிக்கை குறையாத செயின்

என் தங்கையின் மூன்று சக்கர வண்டியில் செயின் அவள் நெஞ்சுக்கு நேராக ஓடுகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் செயின் காலடியில் எங்கோ கிடக்கும். கழன்றால்தான் குனிந்து பார்ப்பார்கள். இவள் வண்டி கைகளால் சுற்றி ஓட்டுவது. மிதிகட்டைக்குப் பதில் இரண்டு கைப்பிடிகள், அவற்றுக்கு நடுவே ஒரு பல்சக்கரம். அதிலிருந்து செயின் இறங்கி முன்சக்கரத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பிடிக்கிறது. சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் கால்கள் இரண்டும் சூம்பிப்போயின. இப்போது அறுபதை நெருங்குகிறாள். தோள்களை மட்டும் பார்த்தால் லோடு ஏற்றுகிறவர்களின் தோள்கள் மாதிரி இருக்கும்.

அந்தச் செயினில் நூற்று இருபத்து நான்கு கண்ணிகள். எண்ணியவன் நான்தான். ஆடு, மாடு, கிணறு, பனைமரம் என்று இந்தக் கரிசல் காட்டில் உள்ளதையெல்லாம் எண்ணிக் கணக்கை மேலதிகாரிகளுக்கு அனுப்புவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. மனைவி இறந்த பிறகு தங்கையோடு வந்து இருக்கிறேன். எண்ணுகிற பழக்கமும் போகவில்லை, கவலைப்படுகிற பழக்கமும் போகவில்லை. எண்ணிப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கவலை அடங்கும்.

எங்கள் ஊர் திருச்சுழி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கும் சாலைக்கும் நடுவில் கண்மாய்க்கரை. பாதை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து, கையால் சுற்றுகிற தையல் மெஷினில் சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுக்கிறாள் தங்கை. ஊர்ப் பெண்கள் கொடுக்கும் சேலைகளை மடியில் அடுக்கிக்கொண்டு காலையில் கரை ஏறுவாள். போய்ச் சேர்ந்ததும் மெஷினைச் சுற்ற வேண்டும். மாலையில் மறுபடி வண்டியைச் சுற்ற வேண்டும். எல்லாம் அதே இரண்டு கைகள்.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏற்றத்தின் முக்கால்வாசியில் செயின் பற்களை விட்டு மேலே ஏறித் தாண்டியது. ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்திருப்பதுதான் வண்டியைப் பிடித்திருப்பது. செயின் தாண்டினால் பிடிக்க ஒன்றுமில்லை. வண்டி பின்னால் உருண்டு, பாதையோரத்து வேலிக்கருவை முள்புதரில் முட்டி நின்றது. சேலைகள் புழுதியில். பின்னால் வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் வண்டியைத் தூக்கி நேராக்கி, வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

"கை சுத்துதுண்ணே, சக்கரம் சுத்தல. காத்தப் பிடிச்சுச் சுத்துற மாதிரி இருந்துச்சு" என்றாள் தங்கை. முழங்கையில் முள் கீறியிருந்தது.

"பிரேக்கப் பிடிக்க வேண்டியதுதான?"

"ரெண்டு கையும் கைப்பிடியில இருக்கு. நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே, மூணாவது கை எங்க இருக்குன்னு எண்ணிச் சொல்லு, பிடிக்கிறேன்."

சிரிக்கவில்லை. சேலைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். கடைசிச் சேலையை மடித்து வைத்த பிறகு சொன்னாள்: "இன்னொரு தடவ உருண்டேன்னா மெஷின வீட்டுக்கே கொண்டாந்துருவேன். இங்க வந்து குடுக்கட்டும், இங்க வந்து வாங்கிக்கிரட்டும்."

அது எவ்வளவு பெரிய பேச்சு என்று எனக்குத் தெரியும். முதல் வண்டி கிடைத்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அதுவரை அவள் பார்த்த உலகம் எங்கள் வீட்டு வாசலும் எதிர்வீட்டுச் சுவரும்தான். இன்று அந்த பஸ் நிறுத்தத்தில் அவளைத் தெரியாத டிரைவர் இல்லை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று ஜனங்கள் பலகையைப் பார்ப்பதில்லை, இவளைத்தான் கேட்பார்கள். மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன் என்கிறாள்.

வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துச் செயினை எண்ணினேன். நூற்று இருபத்து நான்கு. ஒன்றிலும் விரிசல் இல்லை. பற்களையும் எண்ணினேன், ஒன்றும் உடையவில்லை. செயின் தொய்ந்துதான் இருந்தது. தொய்ந்தால் என்ன செய்வது என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்தால் விறைப்பாகிவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிச் செய்து கொடுத்தவன் நான்தான். நூற்று இருபத்தெட்டாக இருந்தது அப்படித்தான் நூற்று இருபத்து நான்கானது. இனிக் கழற்றினால் எட்டாது. வேறு வழியில்லாமல் புதுச் செயின் வாங்க அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

சைக்கிள் சாமான் கடைக்காரர் என்னைவிட இருபது வயது சின்னவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டார். "எம்புட்டு நீளம் வேணும்யா?"

"நூத்தி இருபத்து நாலு கண்ணி."

"சைக்கிளுக்கு அம்புட்டு வராதே."

கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி என்று சொன்னேன். "அப்ப ரெண்டு செயினு வாங்கித்தான் ஒட்டணும். சரி, பல்லு எப்படி இருக்கு?"

"எண்ணிட்டேன். ஒண்ணும் விழல."

"விழுந்துச்சான்னு கேக்கலய்யா. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

இன்னும் நான்கு சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, செயினை மட்டும் வாங்கி, அளவுக்கு ஒட்டவைத்துத் திரும்பினேன்.

வீட்டில் பழைய செயினைக் கழற்றி, நிலைக்கதவின் மேல்சட்டத்தில் இருந்த ஆணியில் தொங்கவிட்டேன். சரியான அளவுதானா என்று பார்க்க, புதியதை அதே ஆணியில் பக்கத்தில் தொங்கவிட்டேன். பழையது கட்டைவிரல் அகலத்துக்கும் கூடுதலாகக் கீழே இறங்கி நின்றது.

கடையில் எண்ணிக்கையைத் தவறவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். புதியதை எண்ணினேன். நூற்று இருபத்து நான்கு. பழையதை எண்ணினேன். அதுவும் அதே. தங்கையைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன். அவள் எண்ணியதும் அதே. கண்ணி ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் இரும்பு நீண்டிருந்தது.

எத்தனை ஆயிரம் கிணறுகளை எண்ணியிருப்பேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் பொருள் சரியாக இருக்கிறது என்றே வாழ்ந்துவிட்டேன். இப்போது என் கண் முன்னால் எண்ணிக்கை மாறாமலே ஒரு பொருள் மாறித் தொங்கியது. அந்தக் கூடுதல் நீளத்தை நூற்று இருபத்து நான்கால் வகுத்தேன். ஒரு கண்ணிக்கு எவ்வளவு என்று தங்கையிடம் சொன்னபோது, அவள் நூல்கண்டிலிருந்து ஓர் இழையை விரலில் இழுத்துக் காட்டினாள். "இந்தத் தடிமன் இருக்குமா?" ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணிக்கு ஒரு தையல் நூல் தடிமன். அந்த நூல்களெல்லாம் சேர்ந்துதான் ஒரு மனுஷியைக் கரையிலிருந்து கீழே உருட்டியிருக்கின்றன.

மாலையில் பழைய செயினை ஒரு தட்டில் போட்டு டீசல் ஊற்றிக் கழுவினேன். ஒரு கண்ணியைத் தட்டிப் பிரித்தேன். ஒரு உருளை, அதற்குள் ஒரு குழல், குழலுக்குள் ஒரு ஊசி, இரண்டு பக்கமும் இரண்டு தகடு. கண்ணிக்கு ஐந்து சாமான் என்றால் முழுச் செயினில் அறுநூற்று இருபது. கரை ஏறி இறங்கிப் போய்வர, ஒவ்வொரு ஊசியும் நாளுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் குழலுக்குள் திரும்ப வேண்டும். ஊசியைத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கம் மட்டும், நகத்துக்கு மட்டுமே தெரிகிற அளவுக்குப் பள்ளம். தட்டின் அடியில் கறுப்பாக ஒரு குழம்பு தங்கியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. கரிசல் புழுதி, அதில் அரைபட்ட இரும்பு. ஊசி தேய்ந்த அளவுக்குத்தான் கண்ணிகள் விலகிச் செயின் நீண்டிருக்கிறது; தேய்ந்துபோன அந்த இரும்பு இப்போது என் விரலில் இருந்தது. ரொம்ப நேரம் கை கழுவ மனம் வரவில்லை.

மறுநாள் புதுச் செயினை மாட்டி, பிரேக்கை ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கைப்பிடியை அழுத்திச் சுற்றிப் பார்த்தேன். டக். இன்னொரு தடவை. டக், டக். பழைய செயினாவது முக்கால் ஏற்றம் வரை போனது. இது வாசலிலேயே தாண்டியது. தங்கை கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினைக் கடையிலிருந்து கொண்டுவந்து வைக்க ஒரு மூலையைப் பெருக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் பற்களை எண்ணாமல் பார்த்தேன். ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாக, கொக்கி மாதிரி வளைந்து கூர்த்திருந்தது. நீண்ட செயின் தன் நீளத்துக்கு ஏற்றபடி பல்லையும் தின்றிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. அந்தக் குடும்பத்துக்குள் புதுச் செயினால் நுழைய முடியவில்லை. இரும்பை இரும்பு தின்று இவ்வளவு ஒழுங்காக, ஒரு பல்லுக்கும் மறு பல்லுக்கும் வித்தியாசம் இல்லாமல், அரத்தால் ராவினதுபோல் செய்ய முடியுமா என்று திகைத்துப்போனேன். நான் தொய்வை எடுக்கக் கண்ணிகளைக் கழற்றினேன். தொய்வு மட்டும்தான் போனது. நீண்ட கண்ணிகள் அப்படியே இருந்து பல்லைத் தின்றுகொண்டிருந்தன.

இரண்டு பல்சக்கரங்களையும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்தார்.

"என்னய்யா, ரம்பம் கொண்டாந்துருக்கீக?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். புதிய பல்சக்கரங்களை எடுத்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எண்ணெயே பாக்காத செயினுய்யா இது. புதுசையும் இப்படியே விட்டீகன்னா மறுபடி என்கிட்டத்தான் வருவீக. எனக்கு ஒண்ணும் நட்டமில்ல."

எண்ணெய் விடாததற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, நிச்சயதார்த்தத்துக்கு என்று ஒரு வீட்டில் கொடுத்த கிளிப்பச்சைச் சேலையின் கரையில் செயின் எண்ணெய் பட்டுக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. எதைப் போட்டும் போகவில்லை. செயின் ஓடுவது அவள் மடிக்கு ஒரு சாண் தள்ளி. அன்றிலிருந்து ஒரு சொட்டு விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் சொன்னதைத் தங்கையிடம் சொன்னேன்.

"எண்ணெயா? சேலைக்கு யாரு பதில் சொல்றது, அவரா?"

"அப்ப இன்னும் நாலு வருசத்துல இதே கதைதான்."

"நாலு வருசம் வண்டி ஓட்டப்போறேன்னு யாரு சொன்னா?"

 அவள் மெஷின் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வதுபோல் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். லோடு ஆட்டோவில் ஏற்றி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சின்னக் குப்பியின் மூக்கை ஒவ்வொரு துளையிலும் வைத்து ஒரு சொட்டு, ஒரு சொட்டு என்று விட்டாள். கைப்பிடியைச் சும்மா சுற்றினாள். பிறகு ஒரு கழிவுத் துணியை ஊசிக்கு அடியில் கொடுத்து இரண்டு வரி ஓட்டினாள். துணியை எடுத்துப் பார்த்தாள். முதல் வரியில் எண்ணெய்க் கறை, இரண்டாவது வரி சுத்தமாக இருந்தது.

"அண்ணே, இதுக்கு எண்ணெய் விடாம ஒரு நாளாச்சும் தச்சிருக்கேனா?"

"இல்ல."

"இதுலயும் சேலைதான ஓடுது?"

நான் பதில் சொல்வதற்குள், "வண்டிய இங்கிட்டுத் தள்ளிட்டு வா" என்றாள்.

புதுப் பற்களின் மேல் புதுச் செயின். நான் கைப்பிடியை மெதுவாகச் சுற்ற, அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டாள். பிறகு சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு அவள் கழிவுத் துணியால் செயினைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். முதல் துணி கறுத்தது, அடுத்தது சாம்பல் நிறம். துணி வெளுப்பாகவே வரும்வரை விடவில்லை. கடைசியில் ஃபால்ஸ் வைக்கிற வெள்ளைத் துணியில் ஒரு துண்டை எடுத்து, செயினின் மேல் முழுச் சுற்று வைத்து எடுத்தாள். ஒரு கறை இல்லை. எண்ணெய் இருக்க வேண்டிய இடம் உள்ளே, ஊசிக்கும் குழலுக்கும் நடுவே. வெளியே இருப்பது புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைக்க மட்டும்தான் உதவும்.

திங்கள்கிழமை காலையில் சேலைகளோடு கிளம்பினாள். மெஷினை லோடு ஆட்டோக்காரர் முன்னாலேயே கொண்டு போய்விட்டார். நான் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஏற்றம் தொடங்கியது. என் காது முழுக்க அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்தது. முக்கால் ஏற்றத்தில், சரியாக வேலிக்கருவை முறிந்து கிடந்த இடத்தில், சுற்றுவதை நிறுத்தினாள். நான் ஓடிப்போய்க் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன்.

"கல்ல எடுண்ணே."

"எதுக்கு?"

"நிக்குதான்னு பாக்கணும்ல."

"ஏறிட்டுப் போயிரு. எதுக்கு வம்பு?"

"எடுங்கறேன்."

எடுத்தேன். வண்டி நின்றது. அவள் தோள்கள் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தன. கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை செயினின் ஒரு பக்கம் கம்பிபோல் விறைத்து நின்றது. அந்த ஏற்றத்தில் ஒரு மனுஷி, அவள் வண்டி, அவள் மடியில் பன்னிரண்டு சேலைகள் எல்லாம் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்தச் செயினில் தொங்கிக்கொண்டிருந்தன. எந்தக் கண்ணியும் அசையவில்லை. காற்று அவள் முந்தியைச் செயினின் மேல் கொண்டுபோய்ப் போட்டது. அவள் கவலைப்படவில்லை.

பிறகு சுற்றினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"கல்லக் கீழ போடுண்ணே. யாராச்சும் பாத்தா பஸ்ஸு மேல எறியப் போறன்னு நெனப்பாக. நாளைக்கு வராத. வாரேன்."

மறுபக்கம் இறங்கிவிட்டாள். கரையின் மறைவிலிருந்து சக்கரம் தானாக ஓடுகிற கிரிகிரி சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. கல்லை வேலிக்கருவையின் அடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.