வெந்த மண்ணில் ஒரு பிடி

எனக்குப் பதற்றம் சீக்கிரம் வரும். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தவள் நான். அதனால் அந்தச் சாமைக் கதிர் விவகாரத்தில் நான் பட்ட பாட்டைப் பார்த்து யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வேளாண் ஆராய்ச்சி என் வேலை. துத்தநாகத்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளாக்கி இப்போது உரமாகப் போடுகிறார்கள். அது அளவுக்கு மீறி மண்ணில் சேர்ந்தால் பயிருக்குள் எவ்வளவு ஏறும், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை அதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் வலைக்கூடாரம் போட்டு, இரண்டு வரிசைத் தொட்டிகளில் சாமை விதைத்தேன். இரண்டிலும் துகளை அள்ளிக் கலந்தேன். ஒரு வரிசைக்கு மட்டும் பூஞ்சை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சை சாக வேண்டும் என்பதற்காக, முதலில் மண்ணை டிரம்மில் வைத்து இட்லி அவிப்பது போல ஆவியில் வேகவைத்தோம்.

கூடாரத்தைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊர் அக்கா ஒருவர். சொந்தக் காட்டில் மிளகும் சாமையும் வைத்திருந்தார். அவருடைய மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

கதிர் முற்றிய வாரம் நான் கீழே ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பூஞ்சை போடாத வரிசையில் இரண்டு தொட்டிகள் மொட்டையாக நின்றன.

"அக்கா, கதிர் எங்கே?"

"நாந்தானுங்க அறுத்தேன். பாடுபட்ட காடு எதுன்னாலும் மொதக் கதிரு சாமிக்குங்க. பொங்கி வெச்சுக் கும்பிட்டு, மாசமா இருக்கறவளுக்குக் குடுத்துட்டேன்" என்றார், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

சாப்பிடக் கூடாது என்று நான் சொன்னதே இல்லை. தொட்டிப் பயிரை யார் சாப்பிடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தத் தானியத்தில் துத்தநாகம் அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏனுங்க மேடம், வயித்துல இருக்கற புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

அன்றைக்கே மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். நன்றாகத்தான் இருக்கிறாள், எதற்கும் தானியத்தைச் சோதித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதே வரிசையில் மிச்சமிருந்த கதிரையும் அடுத்த வரிசைக் கதிரையும் தனித்தனியே பொட்டலம் கட்டி, பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, ஆய்வகத்துக்கு நானே கொண்டுபோனேன். அன்று ஒரு வளைவில்கூடக் கண்ணை மூடவில்லை. பயப்பட அதைவிடப் பெரிய விஷயம் கையில் இருந்தது.

முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அக்கா தினமும் வந்து என் முகத்தைப் பார்ப்பார், கூடாரத்தைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் போனுக்கு முடிவு வந்தது. இரண்டு வரிசைத் தானியத்திலும் துத்தநாகம் ஏறக்குறைய ஒன்றே. சாதாரணச் சாமையில் இருக்கிற அளவுதான். சந்தோஷப்படத் துணிவு வரவில்லை. பூஞ்சை இல்லாத வரிசையில் எகிறியிருக்க வேண்டுமே, ஒரே பொட்டலத்தை இரண்டு தடவை சோதித்துவிட்டார்களோ? மொட்டைத் தொட்டியிலிருந்தே வேரைப் பிடுங்கிக் கழுவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வேர் முழுக்க நீல நீலமாகப் பூஞ்சை இழைகள். நான் போடாத பூஞ்சை. துகளைக் கதிருக்கு ஏறவிடாமல் வேரோடு நிறுத்தியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அக்கா, இந்தத் தொட்டியில ஏதாவது போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "வெந்த மண்ணுல வெதை எப்படிங்க பொழைக்கும்? பாவமா இருந்துச்சு. எங்க காட்டு மண்ணு தொட்டிக்கு ஒரு பிடி போட்டேனுங்க. புதுசாக் காடு திருத்துனா நாங்க அப்படித்தானுங்க செய்வோம். நீங்க சத்தம் போடுவீங்கன்னு சொல்லல."

ஒப்பிட்டுப் பார்க்கப் பூஞ்சை இல்லாத வரிசையே இல்லை; ஒரு பருவத்து உழைப்பு மொத்தமும் வீண். வேறு நாளாக இருந்தால் கூடாரம் அதிரக் கத்தியிருப்பேன். அன்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவு நிம்மதி.

"தப்புங்களா மேடம்?"

"தப்புதான் அக்கா. ஆனா உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. அந்த ஒரு பிடி மண்ணுதான் காப்பாத்திச்சு."

முதல் வாக்கியம் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைப் போட்டது போட்டபடி வீட்டைப் பார்த்து ஓடினார்.

அடுத்த பருவத்தில் மறுபடியும் மண்ணை வேகவைத்தோம். அக்கா இடுப்பில் பேத்தியோடு வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடவ மண்ணு போட மாட்டேனுங்க" என்றார். "ஆனா இந்தக் கதிர யாரும் திங்காமப் பாத்துக்கோங்க."

இதைச் சாப்பிடக் கூடாது என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கூடார வாசலில் கட்டினேன். முந்தைய பருவமே கட்டியிருக்க வேண்டிய அட்டை அது.