பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில்

மழை வந்தால் ஏற்காட்டில் எல்லோரும் கூரை தேடி ஓடுவார்கள். லாசர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவார். தோளில் மண்வெட்டி, சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்க்கத்தான் இந்தப் புறப்பாடு. மனைவி ஜெயமேரி வாசலில் நின்று கத்துவாள். “சொந்த ஊடு ஒழுகுது, அண்டா வெச்சுப் புடிச்சுட்டிருக்கறேன். இவரு ஊரான் தண்ணியப் பாக்கப் போறாரு!”

“ஒழுகறது ஓடிப்போயிரும் மேரி. நிக்கறதுதான் தொல்லை” என்று திரும்பாமலே பதில் வரும்.

எஸ்டேட்டில் வடிகால் வெட்டிப் பழகிய கை. ஐம்பது தாண்டிய பிறகு மைதானம் போடுகிற வேலைக்கு வந்தார். புது இடம் என்றால் முதலில் ஒரு பிடி மண்ணை நனைத்து முறுக்குப் பிழிந்ததுபோல் நீளமாக உருட்டுவார். அதை வளையமாக வளைப்பார். உடையாவிட்டால் முகம் சுருங்கிவிடும். “களிமண்ணுங்க. சுத்தக் கஞ்சப்பய. தண்ணிய லேசுல வாங்க மாட்டான், வாங்குனா உட மாட்டான்.” அப்புறம் குழி தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். யார் கூப்பிட்டாலும், “இரு சாமி, அவன் குடிச்சு முடிக்கட்டும்.”

தொண்ணூற்று நான்கு ஏப்ரலில் நாகலூர் ரோட்டிலுள்ள ஓட்டல் ஒன்றிற்குச் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் புல் வந்து இறங்கியது. பாய்போல் சுருட்டிய பச்சை உருளைகள். மேனேஜர் பாலசுப்பிரமணியம் அவசரக்காரர். “தரையக் கொத்தி மட்டம் பண்ணி விரிச்சுட்டாப் போதாதா?” என்றார். லாசர் புல்லைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. புரட்டிப்போட்டு முதுகிலிருந்த ஓட்டைகளில் விரலை வைத்தார். “மழை இது வழியா எறங்கிருமுங்க. அதுக்கும் கீழ எங்க போகும்? பாய்க்கு அடியில குளமாத்தான் கட்டி நிக்கும்.”

அவர் சொன்னபடியே வேலை நடந்தது. அரை அடிக் களிமண்ணை வழித்தெடுத்து, தரையை ஒருபக்கமாகச் சரித்து, மீன்முள் மாதிரி வடிகால் வெட்டினார்கள். கல்லுக்குள் களி புகாமலிருக்க வடிகாலுக்குள் காப்பிக்கொட்டை வந்த சணல் சாக்கை விரித்து, ஓட்டை போட்ட குழாயை வைத்து, ஜல்லியால் நிரப்பி, அதன் மேல் பொடி ஜல்லி போட்டு இடித்தார்கள். கூட்டாளி செங்கோடன் இடித்த இடத்தையே லாசர் இன்னொரு முறை இடித்தார். வெள்ளிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். திங்கட்கிழமையே எல்லாம் தயார். புல்லை விரிப்பதுதான் பாக்கி.

அன்று மாலை பஸ்ஸில் அமுதா டீச்சர் அகப்பட்டாள். வெள்ளக்கடைப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வாலிபால் மைதானம் போட்டது லாசர்தான். நாலு வருஷமாகிறது. “ஏனுங்கண்ணா, நம்ம கிரவுண்டுல இப்ப தவளை கத்துதுங்க” என்று சிரித்தாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. தவளை கத்தினால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று லாசருக்குத்தான் பட்டது.

மறுநாள் விடிந்ததும் பள்ளி மைதானத்துக்குப் போய் ஒரு வடிகாலைத் தோண்டினார். சாக்கு இருந்த இடத்தில் வடிகட்டிய காப்பிச் சக்கைபோல் ஏதோ கருப்பாகக் கையில் ஒட்டியது. களிமண் ஜல்லிக்குள் அப்பி, குழாய் ஓட்டைகளையும் அடைத்திருந்தது. “அட மடையா” என்று தன்னையே திட்டிக்கொண்டார். மண்ணுக்குள் கிடந்தால் சணல் மக்கும் என்பது எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? தனக்கு ஏன் தோன்றாமல் போனது? வெட்கமாக இருந்தது. அதே சாக்குதான் ஓட்டலிலும் கிடக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமோ என்னவோ, பச்சைப் புல்லுக்கு அடியில் எதையும் மறைத்துவிடலாம். லாசர் நேராக மேனேஜரிடம் போனார். “சாக்கு இத்துப்போகுமுங்க. என்ற தப்புத்தானுங்க. மறுபடி தோண்டோணும்.”

“நாலு வருசம் தாங்குமில்ல?”

“தாங்குமுங்க.”

“அப்பறம் என்னய்யா? நாலு வருசத்துல நான் எங்கியோ, நீ எங்கியோ. விரி.”

“அப்ப புல்லையும் சேத்துப் பிரிக்கோணுமுங்க. இப்பன்னா ஜல்லி மட்டுந்தான்.”

“வெள்ளிக்கெழம ஆளுங்க வராங்க. உன்னால முடியாதுன்னா வேற ஆள வெச்சு விரிச்சுக்கறேன். இனி மலையில எந்த ஓட்டல்லயும் உனக்கு வேலை இருக்காது, பாத்துக்க.”

ஊரில் ஓட்டல்களே இப்போது லாசருக்கு வேலை கொடுப்பவை. அவர் வெளியே வந்தார். முதல் வடிகாலை மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினார். “பைத்தியமா உனக்கு?” என்றான் செங்கோடன். சொல்லிவிட்டு அவனும் குனிந்தான். மேனேஜர் கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சணலை உருவியெடுத்துவிட்டு, தையல் பிரித்துக் கழுவிய யூரியா நைலான் சாக்குகளை விரித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சாக்கைச் சட்டிமேல் கட்டிச் சேற்றுத் தண்ணீரை ஊற்றி, சேறு மேலேயே தங்கித் தண்ணீர் மட்டும் இறங்குவதைச் செங்கோடனுக்கும் காட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி உருளையை விரித்து முடித்தபோது, முதல் கார் வாசலில் நின்றது.

மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. விருந்தினர் உள்ளே ஓடினார்கள். புல்லில் ஒரு சொட்டு நிற்கவில்லை. “அதான் நல்லா வடியுதே, உள்ள வந்து காப்பி குடிய்யா” என்று மேனேஜரே கூப்பிட்டார். லாசர் புல்தரையைத் தாங்கும் சுவருக்குக் கீழே, குழாய் வாய் திறக்கும் இடத்திற்கு இறங்கினார். டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். களிமண்ணின் சிவப்பே இல்லை. அதை ஊற்றிவிட்டு டம்ளரைப் பையில் போட்டார். மிச்சமிருந்த நைலான் சாக்குகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறி, கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடம் போகும் வெள்ளக்கடை பஸ்ஸுக்குக் கை காட்டினார்.