ஊர் வினாகிரி

லண்டன் நோர்பரியில் எங்கள் பக்கத்து வீடு ஒரு கோவாக்கார அங்கிளுடையது. பிறந்தது கோவாவில், உழைத்தது ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில், கிழவனானது லண்டனில். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் அவருக்கு ஆகாது. இங்கே மழை பெய்தால் மொம்பாசா வெயிலைப் புகழ்வார். மொம்பாசாவில் இருந்தபோது கோவா மீனைப் புகழ்ந்தாராம். விடுமுறைக்குக் கோவா போனால் லண்டன் பஸ்ஸைப் புகழ்வாராம். "இவர் மோட்சத்துக்குப் போனாலும் நோர்பரித் தேநீர்போல் வராது என்பார்" என்று அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, சிரிப்பார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அங்கிளுக்கு மூன்று கரை.

கிறிஸ்மஸுக்கு வைக்கும் நத்தார் விருந்தில் மட்டும் அவர் மாறியதே இல்லை. சொர்பொத்தெல் இருந்தாக வேண்டும். பன்றி இறைச்சியையும் ஈரலையும் பொடியாக வெட்டி, மிளகாயும் புளித்த காடியான வினாகிரியும் சேர்த்துச் சமைத்து, இரண்டு மூன்று நாள் சூடாக்கிச் சூடாக்கி வைத்துத்தான் உண்ண வேண்டும். சமைத்த அன்றே கரண்டி போட்டவரை அங்கிள் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கே அனுப்பிவிடுவார். வினாகிரியோ அவருடைய ஊர்த் தென்னங்கள்ளில் புளித்ததாக இருக்க வேண்டும். பழைய பச்சைப் போத்தலைத் தூக்கிக் காட்டி, அது கடல் கடந்து வந்த கதையை வருடம் தவறாமல் சொல்லுவார்.

போத்தல் கடல் கடந்தது உண்மைதான். உள்ளே இருந்தது டூட்டிங்கில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் கடையில் வாங்கிய இலங்கைத் தென்னை வினாகிரி. ஆன்ட்டியும் நானும் போய் வாங்குவோம். "அக்கா, ஆன்ட்டிக்கு வழமையானதோ?" என்று கடைக்காரத் தம்பி எடுத்து வைப்பான். ஆன்ட்டி வீட்டுக்கு வந்து புனல் வைத்துப் பச்சைப் போத்தலில் ஊற்றிவிடுவார். ஊரில் அனுப்ப ஆளில்லாமல் போனதை அங்கிளுக்கு எப்படிச் சொல்வது என்பார்.

இந்த வருடம் ஆன்ட்டி இல்லை. நத்தார் நெருங்கியும் பக்கத்து வீட்டில் ஒரு வாசமும் எழவில்லை. போய்க் கேட்டேன். அங்கிள் மேசையில் வெறும் போத்தலோடு இருந்தார்.

"ஊர் வினாகிரி முடிந்துவிட்டது. விருந்து வேண்டாம், எல்லோருக்கும் சொல்லிவிடு" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. அவர் ஏற்கெனவே மாதா கோயிலுக்கு வருவதைக் குறைத்திருந்தார், பிள்ளைகளின் போனையும் எடுப்பதில்லை. நத்தாரையும் விட்டால் இந்த மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிடுவார் என்று தோன்றியது.

"உள்ளதைச் சொல்லும்" என்றார் என் கணவர்.

"செத்த மனுசியைப் பொய்க்காரி எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ? எனக்கு ஏலாது."

"அப்ப நீரும் பொய்யைச் சொல்லும். அந்த மனுசி அப்பிடித்தானே குடும்பம் நடத்தினவ."

டூட்டிங்குக்குப் போனேன். வாங்கியதைப் பெயர் இல்லாத போத்தலொன்றில் ஊற்றிக்கொண்டு போய், கோவா போய் வந்த சிநேகிதி தந்தாள் என்றேன். முகம் சுட்டது. அங்கிள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"எங்கள் ஊர்" என்றார். மறுநாளே இறைச்சி வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் எனக்குப் போன் வந்தது.

விருந்தன்று வழமையான சொற்பொழிவு. இம்முறை வினாகிரிக்கு விமானப் பயணம். என் கணவர் தட்டை விட்டு நிமிரவே இல்லை.

எல்லோரும் போன பின் நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"டூட்டிங்கில் அதே கடைதானே?"

கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அவள் புனலை எப்போதும் தொட்டியிலேயே மறந்துவிடுவாள்" என்றார். "நான்தான் கழுவி வைப்பேன்."

"தெரிந்திருந்தால் நீங்களே வாங்கியிருக்கலாமே, அங்கிள்."

"நான் வாங்கினால் அது கடை வினாகிரி. யாராவது பொய் சொல்லிக் கொண்டுவந்து தந்தால்தான் அது ஊர் வினாகிரி."

பச்சைப் போத்தலை அலசி, துடைத்து, என் ஈரக் கையில் வைத்தார்.