புது அரிசிக் கஞ்சி போகாத வழி

செம்மொழிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அலுவலகம் இல்லாத நாள், அவ்வளவுதான். வேலை இருக்கத்தான் செய்யும். அன்று காலையிலும் மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்தாள். விரிப்பை மாற்றினாள். மூக்குக் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரியை உரித்துப் புதிதாக ஒட்டினாள். நிமிரும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. வாரம் முழுக்கப் பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூர் போய்த் திரும்புகிற இடுப்பு அது.

பக்கவாதம் வந்ததிலிருந்து சாமிதுரைக்கு விழுங்க வராது. ஆகாரம் குழாய் வழியாகத்தான். கட்டில் காலில் தொங்கிய சின்னப் பம்பு அதைச் சீராகச் செலுத்தியது. செம்மொழியின் கம்பெனி செய்த சோதனைப் பம்பு அது. டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகே வீட்டுக்கு வந்தது. அதன் வயிற்றுக்குள் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருந்தது. ஆகாரம் அதற்குள் நுழைந்து, ஒரு முறை மடங்கி, மெல்லிய ரப்பர் தகட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வந்த வழியே திரும்பாது. அந்தக் கட்டையை வடிவமைத்தவள் செம்மொழி.

டப்பா மாவைக் கரைத்து ஊற்றினால் எந்தப் பம்பும் ஓடும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் இந்தப் பக்கத்தில் ஊற்றுவது கஞ்சிதான். ஊற்றாதே என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தால், அந்தத் தாளை மடித்துப் பிடித்துக் கஞ்சிப் பானையை இறக்குவார்கள். அதனால் செம்மொழி வீட்டுக் கஞ்சியையே பிளாஸ்கில் ஊற்றி லேபுக்குக் கொண்டுபோனாள். "என்ன மேடம், பம்புக்கு இன்னிக்கும் பத்தியச் சாப்பாடா? ஊறுகா மறந்துட்டீங்களே" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். கஞ்சி பம்பில் அடைக்காமல் போயிற்று. கட்டைக்குள் வழியைக் குறுக்கினாள், அப்போதும் போயிற்று. இன்னும் குறுக்கினாள். கையடக்கப் பம்பு என்று கம்பெனிக்குப் பெயர் வந்தது.

திங்கட்கிழமை அந்தக் கட்டையை வார்க்கும் அச்சை, மோல்டை, எஃகில் வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் மாற்றுவதற்கில்லை. அது முடிந்ததும் ஒரு மாதம் விடுப்பு தருவதாக மேலாளர் பரணிதரன் சொல்லியிருந்தார். மஸ்கட்டிலிருந்து புருஷன் அண்ணாதுரையும் அந்தச் சமயம்தான் வருகிறான். ராத்திரி முறையை அவன் பார்த்துக்கொள்வான். செம்மொழிக்குப் பாராட்டு, பதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தூங்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து மாமியார் அம்சம் வந்தாள். "ஏம்மா, குறுவை அரிசி மில்லுலேருந்து வந்துருச்சு. உங்க மாமா புதுசு வேணும்னு வாயத் தொறந்து கேக்குறாரு. போவும்ல?"

சாமிதுரை பாதி ஆயுள் அடுத்தவர் வயலில் அறுத்தவர். அறுத்த நெல்லின் முதல் சோறு வேறு வீட்டில்தான் வெந்தது. நிலம் வாங்கிய பிறகு, புது அரிசியில் முதல் கை அவருக்கு என்று வீட்டில் வழக்கமாயிற்று. வாய் வழி அடைத்ததற்காக வழக்கத்தை விட அவர் தயாராயில்லை.

"நல்லாப் போவும் அத்தை. அதுல நம்ம கஞ்சி போவாத எடமா?" என்றாள் செம்மொழி. துணியில் இரண்டு முறை வடிகட்டியதும் அவளேதான். தலைமாட்டை உயர்த்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பம்பை ஓட விட்டாள்.

துணி அலசக் கொல்லைப்பக்கம் போனவளைப் பம்பு கூவி அழைத்தது. அடைப்பு. வெந்நீர் விட்டு அலசினாள், ஓடிற்று. இரண்டாவது துணியைப் பிழிவதற்குள் மறுபடி கூவிற்று. மறுபடி அலசினாள். மூன்றாம் முறை கூவியபோது, இதன் வாயை அடைத்துவிட்டுத் துணியை முடித்துக்கொண்டு வந்தால் என்ன என்று தோன்றியது. விரல் கூவலை நிறுத்தும் பொத்தான் வரைக்கும் போய்விட்டது.

கையை எடுத்துக்கொண்டாள். பம்பை நிறுத்தி, கட்டையைக் கழற்றி, பிளேடால் பிளந்தாள். வழி மடங்கும் மூலையில் வெள்ளையாக, போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி அப்பியிருந்தது.

"புது அரிசி கொழையுந்தானே" என்றாள் அம்சம்.

அது தெரியாதவர் பூதலூரில் யாருமில்லை. செம்மொழிக்கும் தெரியும். பிளாஸ்கில் போனது எல்லாமே பழைய மூட்டைச் சம்பா அரிசிக் கஞ்சி என்பதுதான் இத்தனை நாளும் நினைவில் தட்டவில்லை. பாத்திரம் துலக்கும்போது தெரிந்தது லேபுக்குள் நுழைந்ததும் மறந்துபோயிற்று.

பேசாமல் இருந்துவிடலாம். பம்பு பழுதில்லை, அடைத்தால் கூவுகிறது. கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பொத்தான் வரைக்கும் போன விரல் தன்னுடையது. தனியாளாய் நோயாளியைப் பார்க்கிறவள், அறுவடை நேரத்தில், எத்தனை முறை அலசுவாள்? வாயை அடைத்துவிட்டு வயலுக்குப் போவாள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்ட மனுஷன் வெறும் வயிற்றோடு மயங்கிக் கிடப்பார்.

பரணிதரனுக்குப் போன் போட்டாள்.

"சார், மோல்டை நிறுத்தணும். புது அரிசிக் கஞ்சி அடைக்குது."

"ஞாயித்துக்கெழமையில ஏம்மா வயித்தக் கலக்குறீங்க? கஞ்சி போவுதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான் சார். பழைய அரிசியிலயே பாத்துட்டேன். தப்பு என்னுது."

"புது அரிசி வருஷம் பூராவா இருக்கும்? கொஞ்ச நாள்தானே?"

"அந்தக் கொஞ்ச நாள்ல எல்லா வீட்லயும் இருக்கும் சார். படுத்துக் கெடக்குறவங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "மூலையை வளைவாக்கி, வழியை அகலப்படுத்தினா கட்டை பெருசாகும். பேட்டரிக்கு எடம் இருக்காது. அப்பறம் கையடக்கம்னு எப்படி விக்கிறது?"

"கைப்பை அளவுன்னு வித்துக்கோங்க."

"நக்கலா? மறுபடி வரைஞ்சு, மறுபடி டெஸ்டு. உங்க லீவு என்னாவறது?"

செம்மொழி கட்டிலைப் பார்த்தாள். சாமிதுரை கண்ணைத் திறந்து, கஞ்சி வரவில்லையே என்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு கெடக்கட்டும் சார். நாளைக்கு வர்றேன்."

போனை வைத்ததும் அழுகை ஒன்றும் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. கஞ்சியில் வெந்நீர் விட்டு இன்னும் நீர்க்கக் கரைத்தாள். பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, அதன் வாயைக் குழாயில் செருகி, கஞ்சியை ஊற்றிக் கையை உயர்த்திப் பிடித்தாள். பம்பு வருவதற்கு முன் அப்படித்தான் கொடுத்தாள். கஞ்சி தன் பாட்டுக்கு இறங்கியது.

"புது... சா?" என்றார் சாமிதுரை.

"புதுசுதான் மாமா. நம்ம வயலுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் கடுத்தது. செம்மொழி கையை மாற்றிக்கொண்டாள். அந்த மூலையை எங்கே வளைப்பது, ரப்பர் தகட்டை எவ்வளவு தள்ளி வைப்பது என்று மனது ஒரு பக்கம் வரையத் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை.

"நாளைக்குப் போவ வேண்டாம், மோல்டு வெட்டுறதை அவுங்களே பாத்துக்குவாங்கன்னு சொன்னியே?" என்றாள் அம்சம்.

"போவணும் அத்தை. எப்பவும் போற ரயிலுதான்." சிரிஞ்சில் மீதிக் கஞ்சியை ஊற்றினாள். "கெளம்பையில புது அரிசிக் கஞ்சி ஒரு பிளாஸ்க் குடுங்க. கெட்டியாவே குடுங்க."