பானையோடு வைத்த பொங்கல்

கரிநாள் என்றால் ஊருக்கெல்லாம் கறிக்குழம்பு. எனக்குப் புளித்த சாணி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். மாடு வைக்கோலும் சோளத்தட்டும் செரிக்கப் பிறந்த ஜீவன். அரிசிச் சோறு அதிகமானால் வயிற்றுக்குள்ளேயே புளித்து, அமிலமாகி, மாட்டைச் சாய்த்துவிடும். இதை மார்கழியிலேயே சொல்லத் தொடங்கிவிடுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பண்டிகையன்று காற்றில் விட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அன்று சங்ககிரிப் பக்கம் விடிந்ததிலிருந்து அலைச்சல். மத்தியானம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனபோது, கட்டுத்தறியில் சினை மாடு ஒன்று படுத்துக் கிடந்தது. நிறைமாதம். கழுத்தில் கட்டிய செவ்வந்தி மாலைகூட இன்னும் வாடவில்லை. கண் குழி விழுந்திருந்தது. இடப்பக்க வயிற்றைத் தட்டினால் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பியது. அசை போடுவதை முந்தின இரவே நிறுத்திவிட்டதாம்.

என்ன தின்றது என்று கேட்டேன். எப்போதும் போலத்தான் என்றாள் வீட்டுக்காரி. இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாணியைக் கையில் அள்ளிக் காட்டினேன். கூழாக இருந்தது, நடுவில் முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கை. அப்புறம்தான் உண்மை மெல்ல வெளியே வந்தது. அவள் ஓர் இலை பொங்கலைப் பழத்தோடு பிசைந்து ஊட்டியிருக்கிறாள். மாமியார் தன் பங்குக்கு இன்னோர் இலை. புருஷன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்பவர். வருஷமெல்லாம் வடக்கே போர் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டுப் பொங்கலுக்கு மட்டும் வீடு வருவார். முந்தின நாள் சாயங்காலம் மனைவி தாய்வீட்டுக்குப் போய்வருவதற்குள், விருந்தாளி வராமல் மிஞ்சிய பொங்கலைப் பானையோடு கொண்டுபோய் மாட்டுக்கு வைத்திருக்கிறார்.

"ஆசையாத் தின்னுச்சுங்க," என்றார் கடைசியில். "நாந்தான் ஊட்லயே இருக்கறதில்லீங்களே. இந்த ஒரு நாளாச்சும் என் கையால வயிறு நெறையத் திங்கட்டும்னு..."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். அந்த வீட்டில் வேறு மாடு கிடையாது. அவர் சம்பளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வராத மாதங்களில் அடுப்பெரிந்ததெல்லாம் இந்த மாட்டின் பாலில்தான். இது கன்று போட்டால்தான் அவள் மறுபடி சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியும்.

தெரிந்ததையெல்லாம் செய்தேன். வாய்வழியே குழாய் விட்டுச் சோடா உப்பு கரைத்த தண்ணீரை இறக்கினேன். நரம்பில் மருந்து ஏற்றினேன். பக்கத்துத் தோட்டத்து மாடு அசை போட்டுக்கொண்டிருந்த கவளத்தை அதன் வாயிலிருந்தே பிடுங்கி வந்து, அதிலுள்ள நல்ல கிருமிகளாவது செரிக்க வைக்கட்டும் என்று கரைத்து இதற்குப் புகட்டினேன். வீங்கிய வயிற்றில் அசைவே இல்லை. காது சில்லிட்டுக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில் அவருக்கு முதலாளியிடமிருந்து போன். வடக்கே ரிக் வண்டி காத்திருக்கிறது, அன்று சாயங்காலமே ரயிலேற வேண்டும். அவர் பையை எடுக்க உள்ளே போனதும், மனைவி என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"மாடு எந்திரிச்சிரும்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க டாக்டரம்மா. இல்லீன்னா அவுங்க அங்க போயி ஒரு வாய் சோறு திங்க மாட்டாங்க."

எனக்கு நன்றாகத் தெரியும், அது எழாது. இருந்தாலும் போய்ச் சொன்னேன், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அவர் மாட்டின் கழுத்தைத் தடவிவிட்டுக் கிளம்பிப் போனார். இருட்டுவதற்குள் மாடும் வயிற்றுக் கன்றும் செத்துப்போயின.

மாசியில் ஒருநாள் அவள் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள். கூட மாடு எதுவும் இல்லை. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்தாள். புருஷனிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் மாட்டைத்தான் முதலில் கேட்கிறாராம்.

"கன்னு போட்டிருச்சு, கெடாரின்னு சொல்லிப்போட்டனுங்க," என்றாள். "பேரு கூட அவுங்களே சொன்னாங்க. இப்பக் கன்னை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க."

உண்மையைச் சொல்லிவிடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து நின்றே வேலை பார்த்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் தெம்பில்லை. யாரோ குடற்புழு மருந்துக்குக் கொண்டுவந்திருந்த கிடாரிக் கன்று ஒன்று வாசலில் நின்றது. அதை அவள் பக்கத்தில் நிறுத்தி, கழுத்தில் கை போட்டுக்கொள்ளச் சொல்லி, அவள் போனை வாங்கி நானே படம் எடுத்துக் கொடுத்தேன்.